சடையன் வீட்டுப் பெட்டியின் மாடல்

படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. கணினியின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண். முதல் கட்டத்தை ரேணுகாதேவி ஒரு நிமிடத்தில் நிரப்பிவிட்டாள். இரண்டாவது கட்டம் அவளுடைய ஒரு வாரத்தைத் தின்றது.

ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருப்பவள் அவள். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, ஆதார் திருத்தம் என்று மலையில் பாதிப் பேருக்கு அவள்தான் எழுதிக் கொடுக்கிறாள். எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் அலுவலகம் மேற்கொண்டு கேட்காது என்பது அவளுக்கு அத்துப்படி. இந்த முறை எழுத வேண்டியிருந்தது சொந்த வீட்டு விஷயம்.

அம்மா மங்கம்மாள் முப்பத்தைந்து வருடமாகச் சாமை விதைக்கும் இரண்டேகால் ஏக்கர் சரிவு காட்டுக் கணக்கில் இருந்தது. வன உரிமைச் சட்டப்படி அதைக் கேட்டுப் போட்ட மனு இரண்டு முறை திரும்பிவிட்டது. 2005க்கு முன்பே அங்கே உழுதீர்கள் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் இரண்டு முறையும் கேள்வி. வாயால் சாட்சி சொல்ல ஊரே வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. மூன்றாவது முறையும் திரும்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மங்கம்மாளுக்கு அறுபத்தேழு வயது.

எழுத்து கிடைத்தது ஆயுத பூஜையன்று, சடையன் வீட்டில். 1998இல் ஒரு தொண்டு நிறுவனம் மலையில் வீடு வீடாகப் போய், யார் எந்தச் சரிவை உழுகிறார்கள், என்ன விதைக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. காகிதங்களைக் கரையான் தின்றது. நிறுவனத்தையும் மூடிவிட்டார்கள். மேசை நாற்காலியை ஏலம் போட்டபோது, புளிய மரம் குத்தகை எடுக்கும் சடையன் அவர்களுடைய கணினியை எடுத்துக்கொண்டார். மடித்து மூடுகிற, கைப்பிடி வைத்த, கனத்த பெட்டி. மலைக்கு வந்தபோதே அது வெளிநாட்டில் யாரோ பயன்படுத்திக் கொடுத்ததுதான். சடையன் வருடத்துக்கு ஒரு நாள் அதற்குப் பொட்டு வைத்து, கரண்ட் கொடுத்து, திரை மினுங்கியதும் கற்பூரம் காட்டி அணைத்துவிடுவார். இந்த வருடம் சுண்டல் வாங்கப் போன ரேணுகா, அணைப்பதற்கு முன்னால் இரண்டு விசையைத் தட்டிப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் மலைக்காரர்களின் பெயர்கள் வரிசையாக ஏறி வந்தன. மங்கம்மாள், சரிவுப் புனம், சாமை, பலா மூன்று.

ஒவ்வொரு திரையையும் போனில் படம் பிடித்து, அச்செடுத்து, வெள்ளிக்கிழமை, கடைக்கு நான்கு வீடு தள்ளியிருக்கும் வன உரிமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். எழுத்தர் பார்த்திபன் கெட்ட மனிதர் இல்லை. முழுவதையும் படித்தார். "நல்ல ஆதாரம்மா" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தார்.

"எழுத்துலதான இருக்குது சார்?"

"எழுத்துதான். ஆனா கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த எழுத்து. எந்தக் கம்ப்யூட்டர்னு சான்று வேணும். கீழ உங்க கையெழுத்து ஒண்ணு, கம்ப்யூட்டர் தெரிஞ்சவர் கையெழுத்து ஒண்ணு. அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி."

"ரொம்பப் பழசு சார் அது."

"பழசுக்கும் மாடல்னு ஒண்ணு இருக்கும்ல?"

அங்கிருந்து நேராகச் சடையன் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, இந்தக் கம்ப்யூட்டர் இன்னா மாடலு?"

"பெரிய சார் பொட்டி."

"அது யாரு வெச்சிருந்தாங்கன்றது. நான் மாடல் கேக்கறேன்."

"அத்தத்தான் நானும் சொல்றேன். பெரிய சார் பொட்டின்னு கேட்டுப் பாரு, கோவிலூர் வரிக்கும் சொல்லுவான்."

பெரிய சார் அந்தத் தொண்டு நிறுவனத்தை நடத்தியவர். மலையில் பொருளுக்குப் பெயர் வைக்கிற முறையே அதுதான். நான்கு கை மாறிய ஜீப் இன்னும் ஆலங்காயத்தார் ஜீப். மாவு மில்லில் ஓடுவது வாத்தியார் மோட்டார். யார் கொண்டுவந்தார் என்பது தெரிந்தால் போதும், யார் செய்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ரேணுகாவும் இந்த மலையில் பிறந்தவள்தான், அன்றுவரை அவளும் கேட்டதில்லை.

மூடியின் மேல் ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயரும், ஓரத்தில் எல்எக்ஸ் 320 என்ற எழுத்தும் இருந்தன. முழு மாடலும் வரிசை எண்ணும் அடிப்பக்கத்தில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பெட்டியைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. ஒரு மூலையில் சதுரமாக நிறம் மட்டும் வேறாகத் தெரிந்தது.

"அத்தை, இங்க ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சா?"

சடையனின் மனைவி செல்லியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இருந்துச்சே. வெள்ளி மாதிரி மின்னும். வருசா வருசம் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சிகினு வந்தேன். மொதல்ல எழுத்து போச்சு. பெறவு சீட்டே போச்சு. இப்ப பாரு, எப்டி கீது!"

"கம்ப்யூட்டரப் புளி போட்டுத் தேய்ப்பாங்களா அத்தை?"

"அருவாளத் தேய்க்கறேன், கலப்பையத் தேய்க்கறேன். இத்த மட்டும் அழுக்கோட சாமி முன்னால வெக்கச் சொல்றியா?"

இருபது வருட ஆயுத பூஜை அந்த மூலையில் பளிச்சென்று தெரிந்தது.

வாணியம்பாடியில் அதாவுல்லா என்றொருவர் இருக்கிறார். தோல் கம்பெனிகளின் பழைய கணினிகளைப் பழுது பார்ப்பவர். ரேணுகாவின் கடை பிரிண்டர் அவர் கையால்தான் மூன்று முறை பிழைத்தது. மூடியைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள். ஞாயிறு காலை போன் வந்தது.

"மூடிய நம்பாதம்மா. இந்த வரிசையில மூணு மாடல் வந்துச்சு. 310, 320, 330. அண்ணன் தம்பி மாதிரி ஒரே மூஞ்சி. பின்பக்கம் எத்தினி சாக்கெட்டு?"

"மூணு."

"320க்கு ரெண்டுதான்."

"அப்ப 310ஆ?"

"310ல டிஸ்க்கே கெடையாது. லிஸ்ட்டு எங்கிருந்து வரும்?"

"அப்ப 330."

"330ன்னா மூடியில எதுக்கு 320ன்னு போட்டிருக்கான்?"

"பாய், கேக்கறது நானு. நீங்க என்னையே கேட்டா எப்டி?"

"கோவப்படாத. எடை போட்டுப் பாரு. 320 நாலு கிலோ எட்நூறு. 330 அஞ்சு கிலோ முந்நூறு. முடிஞ்சுது கதை."

சடையனிடம் புளி நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தது. பழைய புடவையில் தூளி கட்டி, பெட்டியை அதில் போட்டுத் தூக்கினார்கள். முள் ஆறு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது. ரேணுகா இறக்கச் சொல்லி மறுபடி தூக்கச் சொன்னாள். மறுபடியும் ஆறு தொள்ளாயிரம்.

"மாமா, உங்க தராசு சரியா கீதா?"

"என் தராசுல புளி போட்டவன் ஒருத்தன் வந்து தப்புன்னு சொல்லட்டும், மீசைய எடுத்துக்கறேன்!"

"இவரு தராசுல எடை கூடி நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று அடுப்படியிலிருந்து செல்லியம்மாளின் குரல் வந்தது.

ரேணுகா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் பேட்டரி போடும் சின்னக் கதவு ஒன்று இருந்தது. நகத்தால் நெம்பினாள். உள்ளே துணி சுற்றிய ஏதோ ஒன்று. இழுத்தால் கலப்பைக் கொழு, நன்றாகத் தேய்ந்த பழைய இரும்புக் கொழு.

"மாமா!"

"பேட்டரி வீங்கிப்போச்சு, தூக்கிக் கடாசிட்டேன். காலியா வுட்டா லொடலொடன்னு ஆடுது. அதான் சமமா ஒண்ணு வெச்சேன். இன்னா இப்போ? கரண்ட்டுல நல்லாத்தான ஓடுது?"

கொழுவை எடுத்துவிட்டு நிறுத்தார்கள். சரியாக ஐந்து கிலோ. நாலு எட்நூறும் இல்லை, ஐந்து முந்நூறும் இல்லை. அதாவுல்லாவுக்குப் போன் போட்டாள்.

"பேட்டரி இல்லாமலா அஞ்சு?"

"ஆமா."

"அப்ப புக்குல போட்ட எடை பேட்டரியோடவா, இல்லாமலான்னு தெரியணுமே."

"நீங்கதான பாய் சொன்னீங்க, முடிஞ்சுது கதைன்னு?"

"புக்குல இருந்தத சொன்னேம்மா. புக்கு எழுதினவன் சொல்லல."

திங்களும் செவ்வாயும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இணையத்தில் போயிற்று. பழைய கணினிகளைச் சேர்த்து வைக்கிறவர்கள் கூடிப் பேசும் பக்கம் ஒன்று அகப்பட்டது. படங்களைப் போட்டுக் கேட்டாள். எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். விசைகள் சாம்பல் நிறமாக இருந்தால் 320, பழுப்பாக இருந்தால் 330 என்றார். கற்பூரப் புகையிலும் குங்குமத்திலும் ஊறிய விசைகளுக்கு என்ன நிறம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இன்னொருவர், இது 320தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றார். மூன்றாமவர் இரண்டாமவரைத் திட்டினார். நான்காமவர் பெட்டியை விலைக்குக் கேட்டார். சண்டை ஐம்பது பதிவுக்கு மேல் போனது. எழுதிக்கொள்ள ஒரு எண் கிடைக்கவில்லை.

மங்கம்மாள் தினமும் சரிவிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும்.

"நெம்பர் கெடச்சுதா?"

"இல்லம்மா."

"கதிர் முத்திப்போச்சு. ரெண்டு நாள்ல அறுக்கணும். நீ எப்ப வர?"

"நெம்பர் கெடைக்கட்டும்மா."

"நெம்பரா சோறு போடுது?" என்று கேட்டுவிட்டு மங்கம்மாள் பாறையிலிருந்து இறங்கிவிடுவாள்.

புதன்கிழமை பெட்டியையே வாணியம்பாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. பெட்டியைத் தனியாக அனுப்பச் சடையன் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தார். ஆலங்காயம்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டார்.

அதாவுல்லாவின் கடை ஒடுக்கமான சந்தில் இருந்தது. சுவர் முழுக்கப் பச்சைப் பலகைகளும் ஒயர்களும் தொங்கின. அவர் பெட்டியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். திருப்புளியைக் கையில் எடுத்தார்.

"நிறுத்துங்க பாய்" என்றார் சடையன். "மணி இன்னா?"

"பன்னண்டு பத்து."

"புதன்கெழம பன்னண்டுலேர்ந்து ஒண்ணரை ராவுகாலம். பூசை போட்ட பொட்டி. இப்ப தொறக்கக் கூடாது."

ரேணுகா தலையில் கை வைத்தாள். "மாமா, நாலரைக்குக் கடைசி பஸ்சு. நாளன்னிக்குக் கமிட்டி. இன்னும் ஒண்ணும் தெரியல."

"அவசரப்பட்டுத் தொறந்து உள்ள இருக்கற உன் அம்மா பேரு போச்சுன்னா?"

அதாவுல்லா திருப்புளியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. "நல்லதாப் போச்சு. நானும் லுஹர் தொழுதுட்டு, வூட்ல சாப்டுட்டு வந்துர்றேன். பொட்டியப் பாத்துக்கோங்க."

இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு நேரக் கணக்கில் நிம்மதியாக இருந்தார்கள். ஒருவர் எழுந்து போனார், ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கினார். ரேணுகா ஒன்றேகால் மணி நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதாவுல்லா திரும்பி வந்ததும் அவள் படிவத்தை நீட்டினாள். "பாய், 320ன்னே எழுதிருங்க. மூடியில அப்டித்தான போட்டுக்கீது. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அவர் படிவத்தை வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் பார்த்தார்.

"கீழ இன்னா போட்டிருக்கு? நான் சோதிச்சுப் பாத்தேன், எனக்குத் தெரிஞ்சவரை உண்மைன்னு. நாளைக்கு எவனாவது உன் மனுவ எதிர்க்கறான்னு வெச்சுக்கோ. மெஷின எடுத்துனு வான்னு சொல்லுவான். மாடல் தப்புன்னு தெரிஞ்சா, மாடல் தப்பு, அதனால லிஸ்ட்டும் தப்புன்னுவான். ஒரு நெம்பருக்காக நெலத்த வுடுவியா?"

"நெம்பர் கெடைக்காமலேயே வுட்ருவேன் போலக்கீது."

"ஒண்ணரை ஆய்டுச்சுல்ல, பெரியவரே?"

சடையன் கண் விழித்து, கடிகாரத்தைப் பார்த்து, தலையசைத்தார்.

அதாவுல்லா முதலில் மூடியும் அடிப்பெட்டியும் சேருமிடத்தில் கைவிளக்கை அடித்தார். அங்கேயே நெடுநேரம் நின்றார். ரேணுகாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தக் கீலில் நான்கு திருகாணிகள். இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. உள்ளே போகும் ஒயரை நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டு, நாடா சுற்றியிருந்தது.

"அதான் எதுவும் ஒத்துப் போகல. இது ஒரு பொட்டி இல்லம்மா. ரெண்டு. கீழ ஒண்ணு, மூடி வேற ஒண்ணு. வெளிநாட்ல எவனோ திரை ஒடஞ்சுபோய், 320லேர்ந்து மூடியக் கழட்டி இதுல மாட்டியிருக்கான். அப்புறந்தான் தானமாக் குடுத்திருக்கான்."

சடையனுக்கு முகம் தொங்கிப்போனது. "அப்ப நான் ஏலத்துல எடுத்தது முழுப் பொட்டி இல்லியா?"

"வருத்தப்படாதீங்க. ஒண்ணரைப் பொட்டி எடுத்திருக்கீங்க. லாபந்தான்."

விசைப்பலகையைத் தூக்கினார். அடியில் காய்ந்த குங்குமம் தூளாக உதிர்ந்தது, இரண்டு பொரிகடலையும் இருந்தன. அவற்றை ஊதிவிட்டு, ஒரு தகரத் தகட்டைத் துணியால் துடைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். தகட்டின் ஓரத்தில் உளியால் குத்தியதுபோல் சின்ன எழுத்துகள் இருந்தன.

"எழுதிக்கோ. எல்எக்ஸ் 330 எச். கீழயே வரிசை எண்ணும் கீது. எட்டு இலக்கம்."

ரேணுகா எழுதினாள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு போனில் அந்த எழுத்தைப் படம் பிடித்து, பெரிதாக்கி, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

"ரெண்டு பொட்டின்னா, ரெண்டுல எத எழுதறது?"

"லிஸ்ட்டு எங்க கீது?"

"டிஸ்க்குல."

"டிஸ்க்கு?"

"அடிப்பெட்டியில."

"அப்ப அதான் மெஷினு. மூடி சும்மா கண்ணாடி. ஆனா நான் மறைக்க மாட்டேன். மூடி வேற மாடலு, பின்னால மாத்தினதுன்னு கீழ ஒரு வரி எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன்."

நிறம் என்ற கட்டத்தில் இன்னும் பத்து நிமிடம் போனது. வெள்ளை என்றார் அதாவுல்லா, கம்பெனியிலிருந்து வந்தபோது அதுதான் என்று. சந்தன நிறம் என்றார் சடையன், இருபது வருடமாகத் தான் பார்ப்பது அதுதான் என்று. ரேணுகா இருவரையும் கேட்காமல் வெளிர்மஞ்சள் என்று எழுதி, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். விசைப்பலகையைப் பொருத்திக் கரண்ட் கொடுத்ததும் பெயர்கள் பழையபடி ஏறி வந்தன. மங்கம்மாள் பெயர் வந்ததும்தான் அதாவுல்லா கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மங்கம்மாள் குளித்து, தலை வாரி, அரிவாளை மடித்த சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். முடிந்ததும் நேரே சரிவுக்கு அறுக்கப் போக வேண்டுமாம். பார்த்திபன் சான்றை வாங்கினார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். காலிக் கட்டம் ஏதும் இல்லை என்று தெரிந்ததும் கோப்பில் கோத்தார்.

"படிச்சுப் பாக்கலியா சார்?"

"எல்லாம் நிரப்பியிருக்குல்ல."

"ஆறு நாள் அலைஞ்சேன் சார் அந்த ஒரு நெம்பருக்கு!"

"யாராவது தப்புன்னு சொன்னா அன்னைக்கு உக்காந்து படிப்பேம்மா. தப்புன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னுதான் நீங்க அலைஞ்சது."

கமிட்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். பட்டியலைக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஓர் அதிகாரி மட்டும் சான்றின் கடைசி வரியில் நின்றார். மூடி வேறு மாடல் என்று எழுதியிருக்கிறதே, ஏன் என்று கேட்டார். ரேணுகா சொன்னாள். திருகாணி, ஒட்டுப் போட்ட ஒயர், தகட்டில் குத்திய எழுத்து என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. "மறைக்காம எழுதினது நல்லது" என்று சொல்லி, மங்கம்மாளைப் பார்த்தார்.

"பலா மூணுன்னு போட்டிருக்கே. இன்னும் இருக்குதாம்மா?"

"ஒண்ணு காத்துல சாஞ்சிருச்சுங்க. ரெண்டு கீதுங்க. வந்து பாருங்க, பழம் இருந்தா தர்றேன்."

மனு ஏற்கப்பட்டது. அடுத்த மாதம் இடத்தை அளக்க ஆள் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மங்கம்மாள் அந்தத் தாளை வாங்கி ஒரு முறை தடவிப் பார்த்தாள். மகளிடம் நீட்டினாள்.

வெளியே வந்தபோது கடை வாசலில் கூட்டமாக இருந்தது. நடுவில் சடையன், மடியில் பெட்டி. பெரிய சார் பொட்டியில் 1998இல் உழுத எல்லாருடைய பெயரும் இருக்கிறது என்று அவர் நேற்றே நான்கு ஊருக்குச் சொல்லிவிட்டிருந்தார். மனு திரும்பிப்போன முப்பத்தொரு குடும்பங்கள். ரேணுகா அப்படியே அலுவலகத்துக்குள் திரும்பி ஓடினாள்.

"சார், அதே கம்ப்யூட்டர். அதே லிஸ்ட்டு. இந்தச் சான்றயே ஜெராக்ஸ் போட்டுக்கலாமா?"

"ஒவ்வொரு மனுவுக்கும் தனித்தனியா வேணும்மா. ரெண்டு கையெழுத்தும் அசல்ல இருக்கணும்."

அவள் வராந்தாவில் நின்று வாணியம்பாடிக்குப் போன் போட்டாள். "பாய், இன்னும் முப்பத்தொரு கையெழுத்து வேணும்."

"ஞாயித்துக்கெழம நானே மேல வர்றேன்" என்றார் அதாவுல்லா. "எல்லாத்தையும் எழுதி வை. ராவுகாலம் எப்பன்னு மட்டும் அந்தப் பெரியவரக் கேட்டுச் சொல்லிடு."

மங்கம்மாள் சாக்கைப் பிரித்து அரிவாளை எடுத்தாள். "நீ இன்னிக்கும் வர மாட்ட."

"எப்டிம்மா வர்றது? பாரு எத்தினி பேரு."

"சரி, எழுதிகினு இரு. பக்கத்து வூட்டு ரம்யாவ கூட்டிகினு போறேன். சாயந்தரம் நாலு கட்டு தூக்கவாச்சும் வா."

அவள் போய்விட்டாள். ரேணுகா கடைக்குள் போய் விசிறியைப் போட்டு, படிவக் கட்டைப் பிரித்து, முதல் தாளில் மாடல் கட்டத்தை எதையும் பார்க்காமல் நிரப்பினாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, வரிசையில் முன்னால் நின்ற கிழவரைப் பார்த்தாள்.

"பேர் சொல்லுங்க."